கத்தச் சொல்லிக்கொடுத்த மூணு நாள்

வந்துட்டேல்ல, உக்காரு. அந்தக் கட்டில்லயே உக்காரு, நாளையிலருந்து அது உன் கட்டில்தான். உம் பேரு என்னமோ சொன்னாங்களே... கயல்விழி. சமூக சேவை படிச்சிருக்கியாம். இனிமே படிச்ச பிள்ளைதான் ஹாஸ்டலுக்கு வார்டனா வேணும்னு கலெக்டர் ஆபீசுலருந்து எழுதிட்டாங்களாம். நான் எட்டாங்கிளாஸு. பதினோரு வருசம் நூத்தி இருவது பிள்ளைகள மேய்ச்சிருக்கேன் இங்க. ஒரு பிள்ளை ஓடிப்போனதில்ல, ஒரு பிள்ளை வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நின்னதில்ல. இப்ப சொல்றாங்க, இந்தச் சௌந்தரத்துக்குப் பொறுப்புப் பத்தலையாம்.

சாத்தூருக்கு என் பஸ்சு நாலு மணிக்கு. தம்பி வீட்டுக்குப் போறேன். இன்னும் நேரம் கெடக்கு. நீ வாயத் தொறந்து கேக்க மாட்ட. ஆனா கேக்கணும்னு மொகத்துல எழுதி ஒட்டிருக்கு. பேப்பர்ல வேற போட்டுட்டான். அவன் போட்டது பாதிப் பொய்யி. நான் சொல்றேன், கேட்டுக்கோ.

எல்லாம் அந்த மூணு நாள் பயிற்சியால வந்த வினை.

நம்ம மில்லு நூல வாங்குற வெளிநாட்டுக்காரன் சொல்லிட்டானாம், பொம்பளப் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்தாத்தான் ஆர்டர் தருவேன்னு. அதுக்குப் போட்டோ வேற அனுப்பணுமாம். மேனேஜர் என்னையக் கூப்புட்டு, "சௌந்தரம்மா, மூணு நாளு, சாயங்காலம் ரெண்டு மணி நேரம், சாப்பாட்டு ஹால ஒழிச்சுக் கொடுங்க"ன்னாரு. போட்டோவுக்குத்தானேன்னு ஒழிச்சுக் கொடுத்தேன். வேல முடிஞ்சு ரூம்ல இருந்த பிள்ளைக முப்பத்தொம்பது பேரக் கொண்டாந்து வரிசையா நிறுத்துனேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவ பேரு எஸ்தரு. திருச்சிக்காரி. நாப்பது வயசு இருக்கும், முன்னாடி போலீசுல இருந்தாளாம். முடிய ஆம்பள கணக்கா வெட்டிக்கிட்டு, பேண்ட்டப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. சரி, கைய இப்படித் தூக்கு, கால இப்படி வையின்னு ஏதாச்சும் சொல்லித் தருவான்னு பாத்தா, மொத நாளு பூராம் கத்தச் சொல்றா!

"வேண்டாம்! கைய எடு!" இதத்தான் கத்தணும். வயித்துலருந்து கத்தணுமாம். நான் பதினோரு வருசமா, சத்தத்தக் கொறைங்கடி, சத்தத்தக் கொறைங்கடின்னு தொண்ட வத்தச் சொல்லிச் சொல்லி, ஒரு மாதிரி அடக்கி வச்சிருக்கேன். இவ ஒத்தச் சாயங்காலத்துல அத்தனையும் அவுத்து விடுறா. பிள்ளைகளுக்குச் சத்தமே வரல. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுக. கத்துனா பூனைக்குட்டி கணக்கா வருது. அவ சொல்றா, "மன்னிப்புக் கேக்குற மாதிரியே கத்துறீங்க. கோவமா கத்துங்க"ன்னு. பொம்பளப் பிள்ளைகளுக்குக் கோவத்தச் சொல்லிக்கொடுக்க வந்துருக்கா, பாத்துக்கோ.

அதோட விட்டாளா? நடுவுல நின்னுக்கிட்டு ஒரு பேச்சு. "மூணு நாள்ல உங்களச் சண்டைக்காரியா ஆக்கிருவேன்னு நான் சொன்னா அது பொய். உங்கள விட எடை கூடுன ஒருத்தன் முழுசாப் பிடிச்சுட்டான்னா, நான் சொல்லித் தர்றதுல பாதி வேலைக்காகாது. சத்தம் போடுறது, ஒரு நொடி கெடச்சா ஓடுறது, இது ரெண்டையும் உங்க ஒடம்புக்குப் பழக்கிவிடுறேன். அதையும் வாரா வாரம் செஞ்சு பாக்கலேன்னா மறந்துரும்."

கேட்டியா? கடைய விரிச்சு வச்சுக்கிட்டு, என் சரக்கு சரியில்லன்னு சொல்ற யாவாரிய எங்கயாச்சும் பாத்துருக்கியா நீ? நான் மேனேஜர்கிட்ட அப்பவே சொன்னேன், இவ சரியில்ல சார்னு. "மூணு நாள்தானம்மா"ன்னுட்டாரு.

ரெண்டாவது நாளு கையப் பிடிச்சா எப்படி விடுவிக்கிறதுன்னு சொன்னா. நம்ம கைய ஒருத்தன் பிடிச்சான்னா, அவன் கட்டைவிரல் இருக்குற பக்கமா வெட்டித் திருப்பி உருவணும். அங்கதான் பிடி லேசாம். அப்புறம் உள்ளங்கையோட அடிப்பாகத்த வச்சு மூக்குல ஒரு குத்து. குதிகால வச்சுப் பாதத்துல ஒரு மிதி. பிள்ளைக ஒண்ணு மாத்தி ஒண்ணு கையப் பிடிச்சு உருவி உருவி விளையாடுதுக. எனக்கும் பாக்க வேடிக்கையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

அப்பத்தான் இந்த வேலுத்தாய் எந்திரிச்சா. கமுதிப் பக்கத்துப் பிள்ளை. இருவத்தோரு வயசு. முருங்கக்காய் கணக்கா ஒல்லியா இருப்பா, வாயே தொறக்க மாட்டா. நாலு வருசமா இங்க இருக்கா, நான் ஒரு பத்து வார்த்தை கேட்டிருப்பேன் அவ வாயிலருந்து. அவ கேக்குறா, "மேடம், கையெல்லாம் பிடிக்க மாட்டாங்க. மெசின்ல இழைய முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கையில பின்னாடி வந்து ஒட்டி நிப்பாங்க. கையெடுத்தா இழை அந்துரும். அதுக்கு என்ன பண்றது?"

அவளே மறுபடியும் கேக்குறா. "பிடிக்கிறவரு நமக்கு லீவு தர்றவரு, ஷிப்டு போடுறவருன்னா என்ன பண்றது மேடம்?"

அந்த எஸ்தரு தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. "அதுக்கு எங்கிட்ட அடி கெடையாது"ன்னா. எல்லாத்தையும் சுத்தி உக்காரச் சொல்லிட்டு எம் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா"ங்கிறா. என் ஹாஸ்டல்ல, என் ஹால்ல, என்னைய வெளிய போகச் சொல்றா.

போனேன். ஒட்டுக் கேக்கல. அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்துல எனக்கு வேலை இருந்துச்சு, காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாச் சொல்றா. குடோன்ல வச்சு. ஸ்டோர் ரூம்ல வச்சு. மாடிப்படியில வச்சு. எல்லாம் ஒரே ஆளு, சூப்பர்வைசர் குணசீலன். எண்ணிக்கிட்டே வந்தா எஸ்தரு. பதினோரு பேரு. பக்கத்துப் பக்கத்துல படுத்துக் கெடக்குறவளுக, ஒரே வாளித் தண்ணியில துணி அலசுறவளுக, ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுந்தான் நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா. ஒருத்தி அழுகுறா, அவ அழுகுறதப் பாத்து இன்னொருத்தி அழுகுறா. சோறு ஆறிப்போகுது. நான் வெளிய நிக்கிறேன்.

எனக்கா? எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தியும் வந்து எங்கிட்டச் சொன்னதில்ல. ஒண்ணு ரெண்டு பேரு வந்தாளுக. "குணசீலன் சாரு ஒரு மாதிரி பாக்குறாரும்மா"ன்னாளுக. "நீ பாக்காதடி, சரியாப் போகும்"னு சொல்லி அனுப்பிச்சேன். இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லு. பெத்தவளா இருந்தா வேற என்ன சொல்லியிருப்பா?

அன்னைக்கு அந்த ஹால்ல உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டிருக்காளுக. அது எனக்குப் பின்னாடிதான் தெரியும். யாரக் கூப்புட்டாலும் ஒத்தையாப் போறதில்ல. ஒருத்திக்கு அழைப்பு வந்தா ரெண்டு பேரு பின்னாடியே போயி வாசல்ல நிக்கணும். சத்தம் கேட்டா உள்ள பாயணும். பாயும்போது அந்த ஆளு பேரச் சொல்லிக் கத்தணும். அடியும் மிதியும் போலீசுக்காரி சொன்னது. இத இவளுகளே யோசிச்சுருக்காளுக.

மூணாவது நாளோட பயிற்சி முடிஞ்சுச்சு. போட்டோ எடுத்தாங்க, சர்டிபிகேட் கொடுத்தாங்க. எஸ்தரு போயிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் இருக்கும். மத்தியானம் ஒன்னே முக்கா மணி. எனக்குப் போன் வருது. குணசீலன்தான். "வேலுத்தாய பஞ்சு குடோனுக்கு அனுப்பும்மா, பேல் மூட்டையில சீட்டு ஒட்டணும்"னாரு. கூப்புட்டுச் சொன்னேன். "நான் மட்டுமாம்மா?"ன்னா. "ஒரு சீட்டு ஒட்ட ஊர் கூடியா போவாங்க? போடி"ன்னேன். என்னையவே ஒரு பார்வை பாத்தா. போயிட்டா.

உள்ள நடந்தத நான் பாக்கல. விசாரணையில அவ சொல்லக் கேட்டதுதான். கையப் பிடிச்சுருக்கான். அவ கட்டைவிரல் பக்கமா வெட்டி உருவியிருக்கா. கை வந்துருச்சு! அந்த மட்டுக்கும் பயிற்சி வேலை செஞ்சிருக்கு. மூக்குல ஒரு குத்தும் விட்டிருக்கா. ரத்தம் வந்துருச்சு. ஆனா அவன் யாரு? எருமை கணக்கா இருப்பான். ஒரு நொடி அசந்தான், அவ்வளவுதான். மறுநொடி முடியப் பிடிச்சு இழுத்து, பேல் மேல தள்ளி, அதே கைய முதுகுக்குப் பின்னாடி முறுக்கிட்டான். மணிக்கட்டு மளுக்குன்னு போயிருச்சு. மிதிக்கலாம்னா கால் தரையில இல்ல. குத்தலாம்னா கை இல்ல. மூணு நாள்ல படிச்சது அத்தனையும் அங்கயே முடிஞ்சு போச்சு.

வாய் மட்டும் இருந்துச்சு. கத்தியிருக்கா.

வாசல்ல நின்ன ரெண்டு பேரும் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாளுக. "குணசீலா, கைய எடு! குணசீலா, கைய எடு!" பேரச் சொல்லி! சூப்பர்வைசரப் பேரச் சொல்லி! ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறுற நேரம். வேல முடிஞ்சு வந்தவளுகளும் வேலைக்குப் போறவளுகளும் வழியில இருந்துருக்காளுக. அந்தச் சத்தத்தக் கேட்டு அத்தனை பேரும் குடோன் வாசலுக்கு ஓடி, எல்லாவளும் சேந்து கத்துறாளுக. எனக்கு இங்க, இந்த ரூமுக்குக் கேட்டுச்சு. நான் மில்லுல தீப்பிடிச்சுருச்சுன்னு நெனச்சு ஓடினேன். போனா, அவன் மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய வர்றான். எழுவது பேரு. ஒருத்தி அவனத் தொடல. தொடவே இல்ல. கத்துனாளுக, அவ்வளவுதான். அந்த மனுசன் நடக்க முடியாம அங்கயே உக்காந்துட்டான்.

மறுநாள் மேனேஜர் என்னையக் கூப்புட்டாரு. ஒரு பேப்பர் கொடுத்தாரு. குடோன்ல வழுக்கி விழுந்து கை ஒடஞ்சுருச்சு, யாரு மேலயும் புகார் இல்லன்னு எழுதியிருந்துச்சு. "உங்க பேச்சக் கேப்பா, கையெழுத்து வாங்கிட்டு வாங்க"ன்னாரு. நானும் ரெண்டு ஆப்பிள வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலதுகையில மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தா. தலையத் தடவிக்கொடுத்தேன். "தாயி, உனக்குக் கல்யாணம் ஆகணும். உங்கப்பாவுக்கு நாலு பேருக்கு மத்தியில தலைகுனிவு வேணுமா? இந்தா, இடதுகைப் பெருவிரலாவது வையி"ன்னு மை டப்பாவ நீட்டுனேன். நல்லதுக்குத்தான சொன்னேன்? அவ கையப் பிடிச்சு மையில வைக்கப் போனேன்.

"வேண்டாம்! கைய எடு!"

எங்கிட்ட! வார்டு பூராம் திரும்பிப் பாக்குது. நர்சு ஓடி வர்றா. அவ அம்மை போட்டுக் கெடந்தப்ப பதினஞ்சு நாளு வேப்பிலைய வச்சு வருடிக்கொடுத்த கை இது. இளநி வாங்கி வாயில ஊத்துன கை. இந்தக் கையப் பாத்து, கைய எடுங்கிறா. அவனுக்குக் கத்துனத விட எனக்குத்தான் சத்தமாக் கத்துனா, கேட்டுக்கோ. அந்த ஆப்பிள அங்கயே வச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் விசாரணை. கலெக்டர் ஆபீசுலருந்து மூணு பொம்பளைக வந்து உக்காந்தாங்க. பதினோரு பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாப் போயி சொன்னாளுக. அவங்க எல்லாத்துக்கிட்டயும் ஒரே கேள்வியக் கேட்டிருக்காங்க. "உங்கள அங்க போகச் சொன்னது யாரு?" ஒம்பது பேரு சொல்லியிருக்காளுக: "வார்டனம்மா."

என்னையக் கூப்புட்டாங்க. "நீங்கதான் அனுப்புனீங்களா?"ன்னாங்க. ஆமா, நான்தான் அனுப்புனேன். சூப்பர்வைசர் ஆள் கேட்டா வார்டன் அனுப்பணும். அது என் வேலை. எதுக்குன்னு நான் கேக்க முடியுமா? நான் என்ன மொதலாளியா? "உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"ன்னாங்க. நான் சொன்னேன், "எனக்கு அக்கறை இல்லைன்னு நெனைக்காதீங்கம்மா. ரொம்பச் சின்னப் பிள்ளைகள, அழுமூஞ்சிகள நான் அனுப்ப மாட்டேன். கொஞ்சம் தாங்குற பிள்ளையாப் பாத்துத்தான் அனுப்புவேன்"னு. உள்ளதத்தான சொன்னேன்? அந்த மூணு பொம்பளைகளும் எழுதுறத நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. ஏன் அப்படிப் பாத்தாங்கன்னு இன்னை வரைக்கும் எனக்குப் புரியல.

நீயும் அப்படியே பாக்குற. பாரு, பாரு. ஆறு மாசம் இந்த நாற்காலியில இரு. மேலருந்து போன் வரும். அப்ப நீ என்ன பண்றேன்னு நானும் பாக்குறேன்.

குணசீலன உள்ள வச்சாங்க. இருவது நாள்ல ஜாமீன்ல வந்துட்டான். கேஸு நடக்குது. அது எப்ப முடியுமோ. வேலுத்தாய்க்கு மணிக்கட்டு முழுசா மடங்கல. இனிமே இழைக்கு முடிச்சுப் போட முடியாது. நூல் சுத்துன கோனச் சரி பாக்குற வேலை கொடுத்துருக்காங்க. ஊருக்குப் போகச் சொல்லி அப்பன் வந்து கூப்புட்டான், போக மாட்டேன்னுட்டா. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மொட்டமாடியில பயிற்சி நடத்துறாளுக. எஸ்தர் இல்ல, யாரும் இல்ல, இவளுகளே. வேலுத்தாய்தான் நின்னு சொல்றா. அடி உதையெல்லாம் கொஞ்சந்தான். பூராம் கத்தல்தான். யாரு எங்க போறா, யாரு கூடப் போறான்னு கணக்கெடுக்குறாளுக. நாலு தெருவுக்குக் கேக்கும். நீ காதுல பஞ்சு வச்சுக்கோ, மில்லுல அதுக்கு மட்டும் பஞ்சமில்ல.

என்ன, நான் அந்தப் பயிற்சிக்கே எதிரின்னு நெனைக்கிறியா? இல்ல. யாரும் கேக்காத ஒண்ணச் சொல்றேன். விசாரணையிலயும் கேக்கல, பேப்பர்க்காரனும் கேக்கல.

அந்த மூணாவது நாளு ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டாங்க. முப்பத்தொம்பது பேரு. ஒரு ஆளு ஒத்தையா நிக்கிது. வேலுத்தாய்தான். "வாங்கம்மா, ஒரு ஆளு கொறையுது"ன்னு என்னைய இழுத்துட்டா. எல்லாப் பிள்ளைகளும் கையத் தட்டுதுக. சரி போட்டோவுக்கு நிப்போம்னு போயி நின்னேன். அவ என் மணிக்கட்டப் பிடிச்சா. மெதுவாத்தான் பிடிச்சா, பூ மாதிரி. "கத்துங்கம்மா"ன்னா.

வாயத் தொறந்தேன். வரல.

தொண்டை கட்டியிருந்துச்சு. முந்தின நாளு மோரு குடிச்சிருந்தேன், எனக்கு மோரு ஒத்துக்காது. மறுபடியும் தொறந்தேன். காத்துத்தான் வருது. பிள்ளைகளெல்லாம் சிரிப்ப நிறுத்திட்டாளுக. வேலுத்தாய் என் கண்ணையே பாக்குறா. ஏன் அப்படிப் பாக்குறன்னு கேக்கலாம்னா அதுக்கும் சத்தம் வரல.

நானும் மில்லுல வேலை பாத்தவதான். பத்தொம்பது வயசுல. வேற ஊரு, அந்த மில்லு இப்ப இல்ல. அங்க ஒரு மேஸ்திரி இருந்தான். எங்களுக்கெல்லாம் யாரும் பயிற்சி கொடுக்கல. நாங்களும் இருந்தோம்ல? என்ன ஆச்சு எனக்கு? ஒண்ணும் ஆகல. எல்லாருக்கும் ஆனதுதான்.

அந்தப் பிள்ளை என் கைய விட்டுட்டா. விட்டுட்டு, யாருக்கும் கேக்காம எங்கிட்ட மட்டும் சொன்னா, "பரவால்லம்மா, நாளைக்கு வரும்."

நாளைக்கு ஏது? அது மூணாவது நாளு. எஸ்தரு ஆறு மணி பஸ்சுக்குப் போயிட்டா.